மருந்து நாத்தம்

குமரி மாவட்டத்தின் மலையோர ஊர்களில், தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கிற ஆர்.ஓ. மெஷின் விற்க ஒரு தனித் திறமை வேண்டும். கோதையாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களிடம் போய், உங்கள் தண்ணீர் சரியில்லை, உப்பு அதிகம் என்று நம்பவைக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் அடுக்களைச் சுவரில் அந்தப் பெட்டி தொங்குகிறது. அப்படியானால் திறமைசாலிகள் நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு தம்பி வந்தார். கழுத்தில் டை, சட்டையெல்லாம் வியர்வை. பையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துத் திண்ணையில் வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கருவியை, டம்ளருக்கு இரண்டு கம்பியாக முக்கி, பிளக்கில் சொருகினார். எங்கள் டம்ளரில் கம்பியைச் சுற்றி முதலில் குமிழ் கிளம்பியது. அப்புறம் பச்சையும் பழுப்புமாக ஏதோ திரண்டது. எங்கள் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் அது கலங்கவே சற்று நேரம் பிடித்தது. அந்த நேரத்தை அவர் கிட்னி ஸ்டோன் பற்றிப் பேசி நிரப்பினார். கடைசியில் டம்ளர் முழுக்கச் செங்காவி நிறம். அவருடைய டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது.

அம்மா நெஞ்சில் கைவைத்துவிட்டாள். "இதையா மக்ளே இத்தன காலமும் குடிச்சோம்?"

நான் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவருடைய டம்ளரில் போட்டேன். "இப்போ சுவிட்சைப் போடுங்க தம்பி." எங்கள் தண்ணீரை விட வேகமாக அது கலங்கியது. "சார் என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். நல்ல பையன். அம்மா கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தச் செங்காவி தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு கரைந்திருந்தால்தான் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளியே வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. அவ்வளவுதான். அவர் போவதற்கு முன் வாங்கி வைத்துப் பார்த்த, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எங்கள் குழாய்த் தண்ணீர் 50-ஐத் தொடவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500 என்பது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கேள்வியில்லாமல் ஏற்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுகிறது. 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்திலேயே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் தெருவில் ஒரு பெட்டிகூடத் தேறாது.

சரி, அப்படியானால் எங்கள் குழாய்த் தண்ணீர் நல்லதா? இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. டி.டி.எஸ். மீட்டருக்குக் கிருமி தெரியாது. சாக்கடை கலந்த மழைத் தண்ணீரில் அதை முக்கினாலும் நல்ல எண்ணைக் காட்டிவிட்டுப் போகும்.

மலையிலிருந்து வருகிற தண்ணீரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் காலத்தில் 1906-இல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெருஞ்சாணியும் சிற்றாறு அணைகளும் பிறகு வந்தவை. இவையெல்லாம் முதலில் வயலுக்காகக் கட்டியவை. குடிக்கவென்றே கட்டியது நாகர்கோவிலுக்குத் தண்ணீர் தரும் முக்கடல் அணை, 1945. முழுக் கொள்ளளவே 25 அடிதான். கோடையில் 'முக்கடல் அணை மைனஸ் பத்து அடி' என்று செய்தித்தாளில் வரும்போது, வெளியூர்க்காரர்கள் அணைக்கு மைனஸ் எப்படி என்று குழம்புவார்கள். மதகுக்குக் கீழே தேங்கிக் கிடப்பதையும் எடுக்கிறார்கள் என்று பொருள். அந்த நெருக்கடிக்காகத்தான் புத்தன் அணையிலிருந்து நாகர்கோவிலுக்குப் புதிய குடிநீர்த் திட்டம் வந்தது. நகரத்துத் தண்ணீர் கிருஷ்ணன்கோவில் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின் எல்லாம் கண்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

எங்களைப் போன்ற பேரூராட்சிகளின் கதை வேறு. தமிழ்நாட்டிலேயே பேரூராட்சி அதிகம் உள்ள மாவட்டம் இதுதான், ஐம்பதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிணறு, ஒரு மோட்டார் அறை, நாலைந்து மேல்நிலைத் தொட்டிகள், ஊர் முழுக்கப் பின்னிக் கிடக்கும் பைப்புகள். எங்கள் ஊருக்கு ஆற்றங்கரையில் உறைகிணறு தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஆற்று மணலே பாதி வடிகட்டிக் கொடுத்துவிடும். மணல் அள்ளிப் படுகை பள்ளமான இடங்களில் அந்த இலவச வடிகட்டி போய்விட்டது. குழித்துறை ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னொரு சங்கடம், பள்ளமான படுகையில் கடல்நீர் மேலேறி வரும். பரக்காணியில் தடுப்பணை கட்டியது அதைத் தடுக்கத்தான். மேலே மலையடிவாரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற இடங்களிலிருந்து ஆசிட் கலந்த கழிவு சின்ன ஓடைகளில் இறங்கும், பக்கத்தில் போனாலே மூக்கைப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பாசனச் சானலும் ஆறும் செம்மண்ணாக ஓடும்போது கிணற்றுத் தண்ணீரும் கலங்கும். கலங்கல் கண்ணுக்கு மட்டும் பிரச்சினை அல்ல. மண் துகளுக்குள் ஒளிந்திருக்கிற கிருமியைக் குளோரின் எளிதில் தொடாது.

ஆனால் இத்தனையும் சமாளிக்கக்கூடியவை. நான் சொல்லவருவது அதற்குப் பிறகு நடப்பதை, தொட்டியிலிருந்து இறங்கி நம் அடுக்களைக்கு வருகிற அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டரை.

எங்கள் பகுதித் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். ஒரு லட்சம் லிட்டர் தொட்டி. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் என்று கணக்குப் போட்டால் 100 கிராம் குளோரின் வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே 300 கிராம் பவுடர். கணக்கு சுலபம். ஆனால் அந்த மூட்டை கிடக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். தகரக் கொட்டகை, வாய் பிரித்த சாக்கு, இந்த மாவட்டத்து ஈரக்காற்று. மேலே இருப்பது கட்டிதட்டிப் போயிருந்தது. மூட்டையைத் திறந்த நாளிலிருந்தே பவுடரின் வீரியம் இறங்கிக்கொண்டே இருக்கும். பாதியாகிப் போன பவுடரில் 300 கிராம் போட்டால் 150 போட்டதற்குச் சமம். அளவு மாறாது, நோட்டில் எழுதுவதும் மாறாது, தண்ணீர் மட்டும் மாறியிருக்கும்.

"அப்பம் கொஞ்சம் கூடப் போடலாமே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கூடப் போட்டா காலையிலேயே பத்து வீட்டுல இருந்து போன் வரும் சார், மருந்து நாத்தம் அடிக்குன்னு. ஒரு நாள் போடாம விட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

இந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் ஊர்க் குடிநீர் நிர்வாகம் முழுக்க அடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். நல்ல வேலைக்குப் புகார் வருகிறது. வேலையே செய்யாவிட்டால் அமைதி. மனிதன் எந்தப் பக்கம் சாய்வான்?

குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது அதே ஐ.எஸ். 10500. அந்த மிச்சம்தான் வழியில் ஏதாவது உள்ளே நுழைந்தால் அதைச் சமாளிக்கிற காவல். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று பிளஸ் ஒன் பிள்ளைகள் கேட்டபோது, ஆபரேட்டரிடமிருந்து குளோராஸ்கோப்பை இரவல் வாங்கிக் கொடுத்து, தண்ணீர் திறக்கிற நேரத்தில் தெருத் தெருவாகப் போகச் சொன்னேன். குளோராஸ்கோப் என்பது பெரிய கருவி ஒன்றும் இல்லை. சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து சில சொட்டு விட்டால் குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சள் ஏறும். பக்கத்தில் இருக்கிற நிற வில்லைகளோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான்.

தொட்டிக்குக் கீழே முதல் குழாயில் நல்ல மஞ்சள். பள்ளிவாசல் முக்கில் வெளிறிய மஞ்சள். எங்கள் தெருவின் கடைசி வீடுகளில் சொட்டு விட்ட பிறகும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரு பிள்ளை, மருந்து கெட்டுப்போச்சு என்று நினைத்துத் திரும்பத் தொட்டிக்கே ஓடிப்போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே மறுபடியும் மஞ்சள்.

குளோரின் வழியில் எங்கே போனது? ஒரு பகுதி பைப்புக்கே போகிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் மிக மென்மையானது, செம்மண் தரையில் கொஞ்சம் புளிப்பும் உண்டு. அப்படிப்பட்ட தண்ணீர் பழைய ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்பை, அரிக்கும். காலையில் முதலில் வருகிற தண்ணீர் துரு நிறத்தில் இருப்பதும், அதில் சாயா போட்டால் கறுத்துப்போவதும் அதனால்தான். அந்த இரும்பு குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு வைத்திருந்ததைத் துரு சாப்பிட்டுவிட்டது என்று வகுப்பில் சொன்னேன்.

மீதி விஷயம் ஓடைக்குள் இருக்கிறது. எங்கள் தெருவில் மெயின் பைப் ஒரு பக்கமாகப் போகிறது, வீட்டு இணைப்புகள் தெருவோரச் சாக்கடை ஓடையைக் குறுக்கே கடந்துதான் வரவேண்டும். மேலே தூக்கிக் கடத்தினால் வண்டி ஏறும்போது உடையும் என்று பிளம்பர்கள் ஓடைக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். குனிந்து பார்த்தால் வரிசையாகத் தெரியும், கறுத்த சகதிக்குள் பாதி முங்கிய பைப்புகள். ஒன்றில் ஜாயின்ட் விட்டுப்போன இடத்தில் சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுற்றி, பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். தண்ணீர் வருகிற நேரத்தில் அந்த ட்யூப்பின் ஓரத்தில் பிசிறாகத் தண்ணீர் பீச்சும். தண்ணீர் வீணாகிறதே என்றுதான் எல்லோரும் வருத்தப்படுவார்கள். வெளியே வருகிற தண்ணீரால் யாருக்கும் நோய் வராது. தண்ணீரை நிறுத்திய பிறகுதான் ஆபத்து. பைப்பில் அழுத்தம் போய், பள்ளத்து வீடுகள் பக்கமாகத் தண்ணீர் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அதே ஓட்டை இப்போது ஓடையிலிருந்து உறிஞ்சும். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருகிற ஊரில் இந்தத் தொல்லை குறைவு, அழுத்தம் எப்போதும் உள்ளிருந்து வெளியேதான் தள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரம் வருகிற எங்கள் ஊரில், மீதி நேரமெல்லாம் பைப்பு உறிஞ்சத் தயாராகக் கிடக்கிறது. இது போதாதென்று லைனில் நேராக மோட்டார் வைத்து இழுக்கிற வீடுகள். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாமல் செய்கிறார்கள் என்பதுதான் அவர்கள் மேல் தெருவுக்குள்ள கோபம். ஓடையையும் சேர்த்து இழுக்கிறார்கள் என்று யாரும் திட்டிக் கேட்டதில்லை.

மஞ்சள் காமாலை வருவது இப்படித்தான். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிள்ளைகள் படுத்தார்கள். பொரோட்டாக் கடையைக் குறை சொன்னார்கள், பேக்கரியைச் சொன்னார்கள், கீழாநெல்லி தேடி ஆள் போனது. ஹெப்படைடிஸ் ஏ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட 15 நாள் முதல் 50 நாள் வரை ஆகும், பெரும்பாலும் நாலு வாரம். பிள்ளையின் கண் மஞ்சளாகிறபோது, காரணமான தண்ணீரை அவள் குடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அதற்குள் ஓட்டையை அடைத்திருப்பார்கள், மழை விட்டிருக்கும், குழாயில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அன்றைக்குத் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பாவம், பொரோட்டாக் கடைக்காரர்தான் மாட்டிக்கொள்வார்.

எங்க வீட்டுக்குக் கிணறு இருக்கு, எங்களுக்கு என்ன என்று கேட்பவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம். கிணற்று வெள்ளத்தின் (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்) ருசிக்கு ஈடே இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் ஐந்து சென்ட் மனைக்குள் வீடு, கிணறு, செப்டிக் டேங்க் மூன்றும் இருக்கிற காலம் இது. செப்டிக் டேங்க் என்கிறோம், நிறைய இடங்களில் அடி பூசாத குழிதான். இரண்டுக்கும் இடையே 15 மீட்டராவது வேண்டும் என்பார்கள். ஐந்து சென்டில் நம் குழியிலிருந்து தள்ளிப் போனால் அடுத்த வீட்டுக் குழி பக்கத்தில் வந்துவிடும். சொறிக்கல் (துளை விழுந்த செம்பாறை) தரையில் தண்ணீர் துளை வழியே வேகமாக நகரும். கண்ணாடி போலத் தெளிந்த கிணற்றுத் தண்ணீரில் மலக்கிருமி இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கிணற்றுக்குக் குளோரின் போடுவது பெரிய வித்தை அல்ல. 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். இரண்டு மீட்டர் விட்டத்தில் மூன்று மீட்டர் தண்ணீர் நிற்கிற கிணறு என்றால் ஏறக்குறைய 9400 லிட்டர், 24 கிராம் போதும். நேராகக் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, வாளியை நாலைந்து முறை முக்கி இழுத்துக் கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். சாயங்காலம் போட்டால் காலைக்குள் நாத்தமும் குறைந்திருக்கும்.

கொதிக்கவைத்துக் குடித்தால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், சீரகம் போடுவதும், தண்ணீரைச் சிவப்பாக்குகிற பதிமுகக் கட்டை போடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் கல்யாண வீட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஒரு வேலை செய்வார்கள். கொதித்த பதிமுக வெள்ளம் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று பச்சைத் தண்ணீரை ஒரு குடம் அதில் ஊற்றி ஆற்றுவார்கள். நிறம் சிவப்பாகவே இருக்கும், சூடும் இதமாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. வெறும் பச்சைத் தண்ணீரை வைத்திருந்தால் நாலு பேராவது குடிக்காமல் எழுந்திருப்பார்கள்.

ஆர்.ஓ. மெஷினை நான் ஒட்டுமொத்தமாகத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கடற்கரை ஊர்களில் கிணறு கரிக்கிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் வராத நாளில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே உப்பை எடுக்கிற மெஷினுக்கு அர்த்தம் உண்டு. எங்கள் தெருவில் அது உப்பே இல்லாத தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டு, ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு மூன்று பங்கைக் கழிவாக வெளியே விடுகிறது. கிருமியைத் தடுக்கத்தான் வேண்டுமென்றால் கொதிக்கவைக்கிற சருவம் போதும், அடுப்பு நேரம் இல்லாதவர்களுக்கு யு.வி. (புற ஊதா) விளக்கு வைத்த சின்னப் பெட்டி போதும். ஒக்கி புயல் அடித்த 2017-இல் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது சுவரில் தொங்கிய பெட்டிகளெல்லாம் சும்மா தொங்கின, சருவம்தான் வேலை செய்தது.

பிள்ளைகளின் குளோராஸ்கோப் கணக்கைப் பார்த்த பிறகு, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம், இது பலருக்குத் தெரியவில்லை. கிருமிப் பரிசோதனைக்கு நம் வீட்டு மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோகக் கூடாது, கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே வாங்க வேண்டும். அதற்குள் துளி சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். தண்ணீரில் மிச்சமிருக்கிற குளோரினை அது முறித்துவிடும். இல்லையென்றால் பஸ்ஸில் போகிற வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, நல்ல ரிசல்ட் வந்துவிடும். குழாய் முனையைத் தீயில் வாட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோனோம். தொட்டித் தண்ணீரில் கோலிஃபார்ம், அதாவது சாக்கடை கலந்ததைக் காட்டிக்கொடுக்கிற கிருமி, இல்லை. தெருக் கடைசியில் இருந்தது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

அந்தத் தாளையும் பிள்ளைகள் வரைந்த தெரு வரைபடத்தையும் சேர்த்துப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். புகார் மனு என்றால் கட்டோடு கட்டாகப் போயிருக்கும். எந்த வீட்டு வாசலில் குளோரின் மறைகிறது என்று வரைபடத்தில் தெரிந்ததால், அங்கே போய்த் தோண்டிப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கும் வேறு வழி இல்லை. ஓடையின் வடக்குப் பக்கத்து இணைப்புகளை மேலே தூக்கி, இரும்புக் குழலுக்குள் செலுத்தி, சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். பிளீச்சிங் மூட்டை மூடி போட்ட டிரம்முக்கு மாறியிருக்கிறது. தெற்குப் பக்கத்துக்கு எஸ்டிமேட் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். சைக்கிள் ட்யூப் சுற்றிய பைப்பு அந்தப் பக்கம்தான். அங்கே இருக்கிற வீடுகளில் ஏறி இறங்கி, முதலில் வருகிற தண்ணீரை வாழைக்கு விடுங்கள், அப்புறம் பிடித்ததையும் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள், லைனில் இருக்கிற மோட்டாரைக் கழற்றுங்கள் என்று சொல்லி வருகிறோம். முதல் இரண்டுக்கும் சரி என்கிறார்கள். மோட்டார் விஷயத்தில், எதிர் வீட்டில் கழற்றினால் நாங்களும் கழற்றுகிறோம் என்பதில்தான் பேச்சு நிற்கிறது.